மரத்துப் பாலுக்குக் கணக்கு உண்டு, மகவின் பாலுக்கு?



தோட்டத்தில் பாலுக்குக் கணக்கு உண்டு. எந்தத் தீம்பாரில் எத்தனை கிலோ, எந்த நிறையில் எத்தனை மரம், கட்டிப்பால் எவ்வளவு, ஒட்டுப்பால் எவ்வளவு என்று தினமும் எழுதி வைக்கிறோம். ஒரு மங்கு கவிழ்ந்தால் கங்காணி கேட்கிறார். ஒரு வாளி குறைந்தால் துரை கேட்கிறார். ஆனால் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய ஒரு தாயின் பால் வற்றிப் போனால் கேட்பார் யார்? அதற்குச் செக்ரோலில் பத்தி இல்லை. அதனால் அது நட்டமென்றும் யாரும் நினைப்பதில்லை.

நாம் கிராணி வேலை பார்க்கிறவர்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள். ஆகவே இந்தக் கணக்கையும் இன்று எழுதிக் காட்டுவோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெண் தலைப்பிள்ளை பெற்றாள். பிரசவ விடுமுறை முடிந்ததும் பெரட்டுக்கு வந்து நின்றாள். அவளுக்குக் கிடைத்தது லயத்துக்கு வெகு தூரத்திலுள்ள நிறை. விடியுமுன் ஐந்தே கால் மணிக்குக் குழந்தையை மாமியாரிடம் விட்டுப் புறப்பட்டால், பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பப் பகல் ஒன்றரை ஆகும். எட்டே கால் மணி நேரம்! ஒன்பது மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், சட்டை நனையும். மரத்தின் மறைவில் நின்று பாலைப் பிழிந்து விடுவாள். மரத்துப் பால் மங்கில் விழுந்தது. தாய்ப்பால் மண்ணில் விழுந்தது.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மரம் சீவி முடித்து, பால் இறங்கக் காத்திருக்கும் நேரத்தில், பக்கத்து நிறைக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனாள். குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. சில மங்குகளில் பால் உறைந்துவிட்டது. கங்காணி புகார் சொன்னார். உறைந்த பால் கட்டிப்பால் கணக்கில் குறைந்த விலைக்குப் போயிற்று. பெயருக்கு நேரே “தாமதம்” என்று ஒரு குறிப்பும் ஏறிற்று. அந்தக் குறிப்பை எழுதிய கை யாருடையது? கிராணியின் கை. நம் கை! மேலே சொன்னதைக் கீழே எழுதினோம், அவ்வளவுதான் என்று அன்று சமாதானம் செய்துகொண்டோம். இன்று அந்தச் சமாதானம் செல்லாது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று வாரத்தில் பால் குறைந்தது. புட்டி வந்தது. லயத்தில் என்ன பேசினார்கள்? “அவளுக்குப் பால் இல்லை.” “இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பில் சத்து ஏது?” “சம்பாதிக்கிற ஆசையில் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள்.” தோட்டம் வேலை செய்யச் சொன்னது, லயம் வேலைக்குப் போனதற்கு ஏசியது. இரண்டு பக்கமும் அடி அவளுக்குத்தான்!

நாம் சொல்லுகிறோம்: அவளுக்குப் பால் இல்லாமல் போகவில்லை. நேரம் இல்லாமல் போயிற்று.

இது உணர்ச்சிப் பேச்சல்ல, உடம்பின் நியதி. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால், போதும் என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பிறந்த சில மாதங்களில் ஒரு குழந்தை இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கிறது. எட்டு மணி நேரம் தாயைப் பிரித்து வைத்தால் மூன்று நான்கு தடவை போயிற்று. ஒருநாள் போனால் ஈடு செய்யலாம். வாரத்தில் ஆறு நாள் போனால் எப்படி ஈடு செய்வது? நாள்தோறும் சீவிய மரத்தைப் பற்றி நமக்கு எத்தனையோ நுட்பம் தெரியும். எத்தனை நாளுக்கு ஒரு தடவை சீவினால் மரம் தாங்கும் என்று தோட்டமே பார்த்துப் பார்த்து வைக்கிறது. மரத்துக்குக் காட்டும் அந்த அக்கறையில் ஒரு பங்கு மனுஷிக்கு வேண்டாமா?

இப்போது சட்டத்தின் கணக்கைப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பிரசவ விடுமுறையை 60 நாளாக வைத்திருந்தது. 2022இல் அது திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் 98 நாள் ஆயிற்று. தந்தைக்கும் 7 நாள் விடுமுறை வந்தது. இது தொழிலாளர் இயக்கமும் மாதர் அமைப்புகளும் நெடுங்காலம் கேட்டுப் பெற்றது. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. வரவேற்கிறோம்.

ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்கிறது. நம் அரசாங்கக் கிளினிக்கிலும் இதையேதான் சொல்லுகிறார்கள்.

ஆறு மாதம் என்றால் 180 நாள். விடுமுறை 98 நாள். மிச்சம் 82 நாள். பிரசவத்துக்கு முன்பே இரண்டு வாரம் விடுமுறை எடுத்தவளுக்கு மிச்சம் 96 நாள். கிளினிக் சுவரில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறது; தோட்டத்துப் பெரட்டிலோ தொண்ணூற்றொன்பதாம் நாள் பெயர் கூப்பிடுகிறார்கள். இடையில் நிற்கும் அந்த 82 நாளுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? தாய் ஒருத்திதானா?

இந்த 98 நாள் எங்கிருந்து வந்தது? அனைத்துலகத் தொழில் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் செய்த தாய்மைப் பாதுகாப்பு ஒப்பந்தம் 14 வாரம் என்கிறது. பதினான்கு ஏழு தொண்ணூற்றெட்டு. சரியாகத்தான் இருக்கிறது! ஆனால் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதி உண்டு. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பாலூட்ட நாள்தோறும் இடைவேளை தர வேண்டும். அந்த நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி கொடுக்க வேண்டும் என்பது அது. பதினான்கு வாரத்தை எடுத்துக்கொண்ட நம் சட்டம் பாலூட்டும் நேரத்தை விட்டுவிட்டது. ஒப்பந்தத்திலும் மலேசியா இன்னும் கையெழுத்திடவில்லை. பாதி ஏணியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏறவில்லையே என்று கேட்கலாமா?

இது புதுக் கோரிக்கை என்று யாரேனும் நினைத்தால், நினைப்பு தவறு. 1919இல், அந்த நிறுவனம் பிறந்த ஆண்டிலேயே, முதல் தாய்மை ஒப்பந்தம் செய்தார்கள். பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இருமுறை அரை மணி நேரம் என்று அப்போதே எழுதினார்கள். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது! இந்தியா 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்குத் தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று வைத்தது. 2017இல் விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியது. நம் பக்கத்து நாடாகிய இந்தோனேசியா 2003ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தில் வேலை நேரத்தில் பாலூட்ட வாய்ப்பளிக்க வேண்டும் என்று எழுதியது. பிலிப்பைன்ஸ் எட்டு மணி வேலைக்கு நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அந்த நாடுகளெல்லாம் நம்மைவிடச் செல்வத்தில் கொழுத்த நாடுகளா?

“நட்டம் வரும்” என்பார்கள் முதலாளிமார்கள். வரட்டும், அந்த நட்டத்தையும் கணக்குப் போடுவோம். 82 நாளில் ஓய்வு நாள் போக வேலை நாள் சுமார் 70. தினம் ஒரு மணி நேரம் என்றால் 70 மணி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. எழுபதால் பெருக்கினால் 610 வெள்ளி 40 காசு. ஒரு குழந்தையின் ஆறு மாத ஆரோக்கியத்துக்கு நிர்வாகம் கொடுக்க வேண்டியது இவ்வளவே! ஒரு தோட்டத்தில் ஒரு வருஷத்தில் எத்தனை பிரசவம் நடக்கிறது? விரல் விட்டு எண்ணலாம். இந்தப் பணத்தில்தானா கம்பெனி கவிழ்ந்துவிடும்?

“பால் காத்திருக்காது; மரம் ஓய்வு கேட்காது” என்றும் சொல்வார்கள். உண்மைதான். மரத்து வேலை நமக்குத் தெரியாததா? அதனால்தான் வழியும் நாமே சொல்லுகிறோம். சீவி முடித்த பிறகும் பால் எடுப்பதற்கு முன்பும் ஒரு காத்திருப்பு நேரம் இயல்பாகவே உண்டு. கைக்குழந்தைக்காரிக்கு லயத்தை ஒட்டிய நிறையைக் கொடுங்கள். அவள் நடந்தே போய்ப் பாலூட்டிவிட்டு வந்து மங்கைச் சேகரித்துவிடுவாள். அதனால் எடை குறைந்தால் பிரசவத்துக்கு முந்திய சராசரியைப் பார்த்துச் சம்பளம் போடுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மனம் வேண்டும்.

பெரியவர்கள் ஒன்றைக் கேட்பார்கள்: “அந்தக் காலத்தில் நாங்கள் பிள்ளை வளர்க்கவில்லையா?” வளர்த்தீர்கள், தாயே! அப்போது தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. வரிசையாக ஏணை கட்டியிருக்கும். ஆயா ஒருத்தி இருப்பாள். குறை ஆயிரம் இருந்தாலும், வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே, வேலைக்காரிக்குப் பிள்ளை உண்டு என்பதைத் தோட்டம் ஒப்புக்கொண்டது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் உண்டு. இன்று ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நம் சனம் பட்டணத்துக்குப் போய்விட்டது. பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகை சாமான் அறையாகிவிட்டது. பிள்ளை குறைந்தது என்று கொட்டகையை மூடினார்கள். இருக்கிற பிள்ளைக்கு என்ன வழி என்று சொல்லவில்லை.

தாய்ப்பாலின் இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதையும் மறக்கலாகாது. இந்த வரலாறு நம் மண்ணிலேயே நடந்தது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் ஒரு சொற்பொழிவாற்றினார். அதன் தலைப்பு: பாலும் கொலையும். தேநீருக்குக் கலக்கும் இனிப்பு டின் பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவென்று ஏழை மக்களிடையே விளம்பரம் செய்து விற்றார்கள். அதைக் குடித்து மடியும் சிசுக்களைக் கண்டு கண்டு மனம் கொதித்த அம்மையார், இப்படிப்பட்ட பிரசாரத்தால் நேரும் மரணத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அவையில் இருந்தவர்கள் வியாபாரப் பெருமக்கள். அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்!

அதன் பிறகு நாற்பதாண்டு போராட்டம். 1979இல் மலேசியா பால்மாவு விளம்பரத்துக்கு ஒரு நன்னெறிக் கோவை வகுத்தது. 1981இல் உலகச் சுகாதார மாநாடு அனைத்துலக விதிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது ஒரே நாடு, அமெரிக்கா. 1991இல் தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணி அமைந்தது. அதன் தலைமையகம் வேறெங்குமில்லை, நம் பினாங்கில். ஆகஸ்டு முதல் வாரம் உலகமெங்கும் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறார்களே, அதை நடத்துவது அந்தக் கூட்டணிதான். 1998இல் நம் அரசாங்க மருத்துவமனைகள் எல்லாம் குழந்தை நேய மருத்துவமனைகள் என்ற தகுதி பெற்றன. மருத்துவமனை தன் கடமையைச் செய்தது. கிளினிக் தாதி வீடு தேடி வருகிறார். பினாங்கிலிருந்து உலகத்துக்குப் போன செய்தி பக்கத்துத் தோட்டத்தின் பெரட்டுக் களத்துக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

இதுவரை நிர்வாகத்தைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிரியை ஏசிவிட்டு வீட்டுக்குள் வந்து அதே வேலையைச் செய்வது சங்கத்தாருக்கு அழகல்ல.

நம் வீட்டிலேயே நடந்தது இது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் சாயங்காலம். குழந்தை விடாமல் அழுதது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “பால் பத்தவில்லை” என்றார் ஒருவர். “எங்கள் பேரன் டின் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கிறான்” என்றார் மற்றொருவர். நம் தாயார் சீம்பாலைப் பிழிந்து கொட்டச் சொன்னார். மருமகளுக்குப் பத்தியம் என்று தண்ணீரையும் அளந்து கொடுத்தார். நாம் என்ன செய்தோம்? வாசலில் நின்றோம். பிறகு கடைக்குப் போய் ஒரு டின் வாங்கி வந்தோம். உள்ளே அழுதுகொண்டிருந்தவள் மனைவி என்பது நமக்கு உறைக்கவில்லை. மறுநாள் வந்த தாதிதான் குழந்தையை மார்பில் சரியாக வைக்கக் காட்டிக் கொடுத்தார். டின் அப்படியே இருந்தது. தாதி ஒருநாள் பிந்தி வந்திருந்தால்?

மூத்த தாய்மார்களின் அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டு, வெந்நீர் ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டி வளர்க்கிறவர்கள் அவர்களே. அந்தக் கையை நாம் தொட்டு வணங்குகிறோம். ஆனால் நான்கு விஷயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சீம்பாலைக் கொட்டாதீர்கள், அது நோயைத் தடுக்கும் முதல் மருந்து. பிள்ளைக்குச் சேனை வைக்காதீர்கள். தாய்க்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அழுகிறது என்பதற்காகப் பால் இல்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் வாரம் கழித்து நாளொன்றுக்கு ஆறு தடவையாவது குழந்தை சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். லயத்து வாசலில் தீர்ப்பு எழுத வேண்டாம். பால் இல்லை என்று பத்துப் பேர் சொன்னால் பாலுள்ளவளுக்கும் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் புட்டி வரும். புட்டி வந்தால் பால் உண்மையாகவே குறையும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நோயினாலோ மருந்தினாலோ வேறு காரணத்தாலோ பாலூட்ட முடியாத தாயும் உண்டு. அவளை ஏசுவதற்கு இந்தக் கட்டுரையை எவரும் கையில் எடுக்க வேண்டாம்! தாய்ப்பால் நல்லது என்று சொல்லும் வாயே, கொடுக்க முடியாதவளைக் குத்திப் பேசினால், அது தாய்ப்பால் பிரசாரமல்ல, மாமியார்த்தனம். அவளுக்கு வேண்டியது, கொதித்த நீரில் சரியான அளவு கலந்து சுத்தமாகக் கொடுக்கும் வழியைச் சொல்லுவது. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கும் கொடுமை நம் வீடுகளில் நடந்ததுண்டு. அப்படிச் செய்தால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. ஒரு டின்னின் விலை எத்தனை நாள் கூலி என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். அதனால் அந்தக் கொடுமைக்கும் காரணம் தாய் அல்ல, கூலியே.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு நாள் விடுமுறை கள்ளுக்கடையில் பிள்ளை பிறந்த சந்தோஷம் கொண்டாடுவதற்கு வரவில்லை. அடுப்பைப் பாருங்கள். துணியைத் துவையுங்கள். இரவில் குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுங்கள். ஊர் வந்து வாய் திறந்தால் வாசலில் நின்று நீங்கள் பதில் சொல்லுங்கள். பால் கொடுக்க உங்களால் முடியாது. பால் கொடுப்பவளைக் காப்பாற்ற முடியும்.

ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் கிராணிகளுக்கும் இதே கதைதான். கழிவறையில் கதவைத் தாழிட்டுப் பாலைப் பிழிகிறார்கள். நாம் சாப்பிடுகிற உணவைக் கழிவறையில் வைத்துத் தயார் செய்வோமா? பிழிந்த பாலைக் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். துரையின் குளிர்பானத்துக்கு இடமுள்ள பெட்டியில் ஒரு சிறு புட்டிக்கு இடமில்லையா?

ஆகவே நம் சங்கம் கேட்க வேண்டியவை இவை:

1. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாய்க்கு நாள்தோறும் இருமுறை அரை மணி நேரம் பாலூட்டும் இடைவேளை. அதற்குச் சம்பளப் பிடித்தம் கூடாது.

2. கைக்குழந்தைக்காரிக்கு லயத்துக்கு அருகிலுள்ள நிறை. எடைக் கூலியில் குறைந்தால் சராசரிச் சம்பளம்.

3. ஆயாக்கொட்டகையைத் திறக்க வேண்டும். தனியே நடத்த முடியாத சிறு தோட்டங்கள் சேர்ந்து நடத்தட்டும்.

4. ஆபீஸில் தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, குளிர்ப்பெட்டியில் ஓர் இடம்.

5. இவை அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். வேலைச் சட்டத்திலும் பாலூட்டும் இடைவேளை சேர வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும்.

வாய்ச் சொல்லாகத் துரை தரும் சலுகை துரை மாறினால் போய்விடும். எழுத்தில் வாங்கியது நிற்கும். இது சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

கிராணித் தோழர்களே, சட்டம் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நிறை பிரிக்கும்போது ஒரு வார்த்தை சொல்ல நம்மால் முடியும். பாலூட்டப் போனவள் பெயருக்கு நேரே “தாமதம்” என்று எழுதச் சொன்னால், “பாலூட்டச் சென்றார்” என்று உள்ளதை உள்ளபடி எழுத நம்மால் முடியும். அப்படி எழுதிய குறிப்புகள் பத்துச் சேர்ந்தால் அதுவே நாளை பேச்சுவார்த்தை மேசையில் நம் ஆதாரம்.

தோழியரே! கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கேட்பது சலுகையல்ல. கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தின் நடுவே பிள்ளை அழுதால் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுங்கள். முகம் சுளிப்பவர் எவரேனும் இருந்தால், அவரை வெளியே போய் நிற்கச் சொல்லுவோம்!